பந்தல் கம்பியை அறுத்த கதை

கத்தோலிக்கக் குருப்பட்டத்தைத் துறந்து, உத்தமபாளையத்தில் ஓர் இலக்கிய மாத இதழை நடத்திக்கொண்டு, நாளிதழ்களுக்கும் செய்தி எழுதிவந்த இன்னாசியை ஊரார் இன்னமும் 'சாமி' என்றே அழைத்தனர். அங்கி போயிற்றேயன்றி அழைப்புப் போகவில்லை. கதை சொல்ல வருவோரும், பழைய வழக்கத்தால் மனச்சுமையை இறக்க வருவோரும் அவர் மேசைக்கு எதிரேயிருந்த ஒரே நாற்காலியில்தான் அமர்ந்தனர். தவறு அங்கேதான் நேர்ந்தது.

தேவாரத்திலிருந்து வந்த ஜக்கம்மா, தன் ஓரகத்தி மகாலட்சுமியின் திராட்சைப் பந்தலில் கம்பியை அறுத்துக் கொடிகளைக் காயோடு மண்ணில் சரித்ததையும், பழியைக் காற்றின்மேல் போட்டதையும், அன்று முதல் இரு வீட்டுக்கும் பேச்சற்றுப் போனதையும் சொல்லிச் சென்றாள். ஊர்ப்பெண்கள் சொல்லும் கதைகளை எழுதி வெளியிடும் வழக்கமுடைய இன்னாசி, இதையும் அவ்வாறே கொண்டு, பெயர்களை மாற்றி அச்சிட்டார். இதழ் கடைகளுக்குப் போன பிறகுதான், எழும்போது அவள் "மனசு லேசாயிருச்சு சாமி" என்றது அவர் நினைவில் தைத்தது. ஐயோ, அது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமன்றோ! குருத்துவத்தில் எதை விட்டாலும், செவியில் விழுந்த பாவத்தை வாய்விடாத விரதத்தை அவர் விட்டவரல்லர்.

உடனே தேவாரம் பேருந்தில் ஏறினார்.

ஜக்கம்மாவின் வாசலில், கையில் இதழோடு மகாலட்சுமியே அமர்ந்திருக்கக் கண்டதும், அருகில் நின்ற ஜக்கம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆத்தா, மன்னிச்சிருங்க. நீங்க நம்பிச் சொன்னத நான்..."

"எதுக்கு மன்னிப்பு? கருப்புத் திராட்சைய வெள்ளைன்னு எழுதினீகளே, அதுக்கா?" என்றாள் ஜக்கம்மா. "வாய மூடிக்கிற சாமியா இருந்தப்ப நான் உங்ககிட்ட வந்தேனா? இவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழல. உங்க புத்தகத்த இவ மாசந்தவறாம படிக்கிறவ. அதான் வந்தேன்."

மகாலட்சுமி சிரித்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும் சாமி. காத்து என்ன, கட்டிங் பிளேயரு தூக்கிக்கிட்டா வரும்? இவ வாயால வரட்டும்னுதான் இருந்தேன். வாயால வரல, அச்சுல வந்துருச்சு. போகுது விடுங்க."

இன்னாசிக்குப் போன உயிர் திரும்பிற்று. அங்கிருந்த கயிற்றுக் கட்டிலில் அப்படியே அமர்ந்துவிட்டார்.

"பதிலுக்கு இவ தோட்டத்துல நான் செஞ்சது ஒண்ணு இருக்கு சாமி" என்று மகாலட்சுமி தொடங்கினாள்.

"அடிப்பாவி! என்னத்தடி செஞ்ச?" என்று திரும்பினாள் ஜக்கம்மா.

இன்னாசி அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"பொறுங்க ஆத்தா. இது எனக்குள்ளயே இருக்கணுமா, இதழ்ல வரணுமா? அத மொதல்ல சொல்லிட்டு அப்புறம் ஆரம்பிங்க."