வாய்தாவுக்கு வராத ஒரே ஆள்

அந்த மாவட்டத்தில் யார் பெயரில் பிடிவாரண்டு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆர்லிஸிடம்தான் கேட்க வேண்டும். கோர்ட்டுக் குமாஸ்தாவும் அவள்தான், நிலப்பதிவும் அவள்தான், கல்யாண லைசென்ஸ் கொடுப்பதும் அவள்தான். ட்வைலாவுக்கு அதுதான் சங்கடம். ஆர்லிஸ் அவளுடைய நாத்தனார். இறந்துபோன கணவன் எம்மெட்டின் ஒரே தங்கை. ட்வைலா விசாரிக்க வந்திருந்ததோ, தான் இரண்டாவதாகக் கட்டிக்கொள்ள நினைக்கும் ஆளைப் பற்றி.

"என்ன அண்ணி, பள்ளிக்கூடத்துல இன்னைக்கு சமையல் இல்லையா?"

"சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் பண்ணி வச்சிட்டுத்தான் வந்தேன். ஆர்லிஸ், ஒரு பேரைப் பாத்துச் சொல்லணும். கேலன் வெஸ்கோட்."

ஆர்லிஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காத்தாடிக்காரரா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். அந்தப் பக்கத்து ஓட்டல் வாசல்ல ஞாயித்துக்கிழமை தவறாம உங்க வண்டி நிக்குது. நம்ம ஊர்ல வண்டியைப் பாத்தா போதாதா, ஆளை வேற பாக்கணுமா? அவருக்கு இந்தப் பக்கம் ஒரு பொண்டாட்டி இருக்கா, அதான் பாலம் தாண்டமாட்டேங்கறாருன்னு பேசிக்கறாங்க."

ட்வைலாவே ஒரு காலத்தில் அப்படித்தான் சந்தேகப்பட்டாள். மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளைப் பழுது பார்ப்பது கேலனின் தொழில். சுற்றுவட்டாரம் முழுக்கப் போவான். ஆற்றின் தெற்குக் கரையில் மட்டும் எவ்வளவு பெரிய வேலை வந்தாலும் ஏற்கமாட்டான். அவள் வீடு இருந்ததோ தெற்குக் கரையில்.

போன ஞாயிறு அவள் பொறுமை இழந்துவிட்டாள். "அடுத்த வாரம் என் வீட்டுல சாப்பாடு. வந்தா வா. வரலைன்னா இந்த ஓட்டலுக்கு இனி நானும் வரமாட்டேன்."

கேலன் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டான். "உங்க மாவட்டத்துல என் பேர்ல பிடிவாரண்டு இருக்கு, ட்வைலா."

"எதுக்கு?"

"போய்க் கேட்டுப் பாரு. நான் சொன்னா நல்லா இருக்காது."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. சொன்னால் நல்லா இருக்காது என்றால் என்ன? எந்தப் பெண்ணையாவது கைநீட்டி அடித்திருப்பானோ? யார் குழந்தை மீதாவது வண்டியை ஏற்றியிருப்பானோ?

ஆர்லிஸ் தட்டச்சுப் பலகையில் பெயரை அடித்தாள். "டிரெய்லர்ல பின் விளக்கு எரியல. லைசென்ஸ் காலாவதி. வாய்தாவுக்கு வரல. அதுக்குத்தான் வாரண்டு."

"அவ்வளவுதானா?" ட்வைலாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு..."

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மெதுவாக ட்வைலாவின் பக்கம் திருப்பினாள். "வாய்தா தேதியைப் பாருங்க அண்ணி."

எம்மெட்டை அடக்கம் செய்த நாள் அது.

அன்றைக்கு ஊரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. கோர்ட்டுக் கட்டடத்தையும் பூட்டிவிட்டு எல்லோரும் சர்ச்சுக்குப் போனார்கள். கதவில் ஒரு தாளை ஒட்டியது ஆர்லிஸ்தான். யார் யாருக்கோ போன் செய்தவள், தொலைவிலிருந்து வரவேண்டிய ஜட்ஜுக்குச் சொல்ல மறந்துபோனாள். அண்ணனைப் பறிகொடுத்தவள் எதைத்தான் நினைவு வைத்துக்கொள்வாள்? அந்த வயதான ஜட்ஜ் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். பெருக்குகிறவரை வரவழைத்துக் கதவைத் திறந்து, யாருமில்லாத கோர்ட்டில் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டார். பெருக்குகிறவர் ஒவ்வொரு பெயருக்கும், 'அவன் சாவுக்குப் போயிருக்கான் ஐயா' என்று சொல்ல, ஜட்ஜும் ஒவ்வொருவருக்கும் வேறு தேதி போட்டுக்கொண்டே வந்தார். ஒரு பெயர் மட்டும் பெருக்குகிறவருக்குத் தெரியவில்லை. வேற்றூர்க்காரன். அவனுக்கு மட்டும் பிடிவாரண்டு.

"மறுநாள் வந்து நான்தான் அதை டைப் பண்ணி முத்திரை குத்தினேன்," என்றாள் ஆர்லிஸ். "என்ன பேருன்னுகூடப் பாக்கல."

பக்கத்து அறையில் யாரோ ஃபோனில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றாள் ட்வைலா.

"வாரண்டை ரத்து பண்ணச் சொல்லி ஒரு மனு எழுதிட்டு, ஜட்ஜ் வர்ற புதன்கிழமை காலைல அவரா வந்து நிக்கணும். அதுக்கு முன்னால பாலம் தாண்டக் கூடாது. நம்ம ஷெரீப் கர்ட் பாத்தா பிடிச்சுத்தான் ஆகணும். நமக்கு ஜெயிலும் கிடையாது. பக்கத்து மாவட்டத்துல கொண்டுபோய் அடைச்சா, அடுத்த கோர்ட்டு நாள் வரைக்கும் அங்கதான். கர்ட்கிட்ட நான் சொல்லி வைக்கறேன்."

"அன்னைக்கு நடந்ததை ஜட்ஜ்கிட்ட சொல்லுவியா?"

"என்னன்னு சொல்றது? பழைய ஜட்ஜுக்குச் சொல்ல மறந்துட்டேன், என் தப்புக்கு ஒரு அப்பாவி பேர்ல வாரண்டு போச்சுன்னா? நவம்பர்ல என் பதவிக்கு எலெக்ஷன் வருது அண்ணி. அதுவும் யாருக்காக..." ஆர்லிஸ் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

மீதியை ட்வைலா தானாகவே புரிந்துகொண்டாள். அவளுடைய அண்ணன் இருந்த இடத்தில் வந்து உட்காரப்போகிறவனுக்காக.

அன்று சாயங்காலமே அவள் பாலத்தைத் தாண்டிப் போனாள். கேலன் தன் பட்டறை வாசலில் காற்றாடித் தகடு ஒன்றைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"நீ அன்னைக்கு வந்தியா, இல்லையா?"

"வந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஏதோ தாள் ஒட்டியிருந்தாங்க, மழையில மை ஓடிப்போச்சு. யாரையாவது கேக்கலாம்னா தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. அப்புறம்தான் வண்டி வரிசை வந்துது. சவ ஊர்வலம். ஓரமா நின்னு தொப்பியைக் கழட்டினேன். கடைசி வண்டி போற வரைக்கும் நின்னேன், ரொம்ப நீளம். சரி, தகவல் அனுப்புவாங்கன்னு வீட்டுக்கு வந்துட்டேன். வாரண்டு வந்துது."

"உடனே போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"மொதல்ல கோவம். நான் வந்தேன், நீங்கதானே பூட்டி வச்சீங்கன்னு. அந்தப் பக்கம் போகாம இருந்தா போச்சுன்னு விட்டுட்டேன். அப்புறம் உன்னைப் பாத்தேன். அடக்கம் பண்ண நாளை நீ ஒரு தடவை சொன்னே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? உன் வாழ்க்கையிலயே கெட்ட நாள் அது. அதை எடுத்து, டிரெய்லர் லைட்டுக்கு நான் சாக்கா காட்டணுமா?"

ட்வைலா தகடுகளுக்கு நடுவே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஊர்வலத்தின் முதல் வண்டியில் அவள் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. ஓரத்தில் நின்ற ஓர் ஆள் நிச்சயமாக இல்லை. தன் துக்கம் தன் வீட்டோடு முடிந்ததென்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அது வழியில் நின்ற ஒருவன் மேலும் விழுந்து, அவன் நடமாட்டத்தையே பாதியாகக் குறைத்திருக்கிறது.

"புதன்கிழமை வா," என்றாள். "நானும் உள்ள உக்காந்திருப்பேன்."

"அவங்க என்னை உள்ள வச்சுட்டா?"

"சாப்பாடு எடுத்துட்டு வர்றேன். பள்ளிக்கூடச் சாப்பாடுதான், குறை சொல்லக்கூடாது."

புதன்கிழமை வாசலிலேயே கர்ட் நின்றிருந்தான். இடுப்புப் பட்டையில் இரண்டு கட்டைவிரல்களையும் செருகிக்கொண்டு, "வாங்க காத்தாடி. லைட்டெல்லாம் எரியுதா?" என்றான். கேலன் சிரிக்க முயன்றான். சலவைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் அவனை நெரித்துக்கொண்டிருந்தது.

புது ஜட்ஜ் ஹால்வர்சன் அம்மாள் மனுவை இரண்டு முறை படித்தார். "தெரிஞ்சே இத்தனை வருஷம் வராம இருந்திருக்கீங்க. காரணம்னு இதுல ஒண்ணும் எழுதலையே?"

"காரணம் ஒண்ணும் இல்லம்மா. வரல. தப்புதான்."

ட்வைலாவுக்கு எழுந்து கத்தலாம் போலிருந்தது. அரசு வக்கீல் எழுந்து, வேண்டுமென்றே தலைமறைவாக இருந்தவர், ஜாமீன் தொகை முடிவாகும்வரை காவலில் வைக்க வேண்டும் என்றார். கர்ட் சுவரை விட்டு ஓர் அடி முன்னே வந்தான். ஜட்ஜ் பேனாவை எடுத்தார்.

ஆர்லிஸ் ஜட்ஜுக்குக் கீழே தன் மேசையில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் நின்றன. ட்வைலா அவளைப் பார்க்காமல் தன் மடியையே பார்த்தாள். கெஞ்சுவது போல ஆகிவிடக் கூடாது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அவர் வந்தாரும்மா," என்றாள் ஆர்லிஸ். "கதவைப் பூட்டினது நான். எங்க அண்ணன் அடக்கம் அன்னைக்கு. அப்ப இருந்த ஜட்ஜுக்குச் சொல்ல மறந்துட்டேன். இந்த ஊர்க்காரங்க அத்தனை பேருக்கும் வேற தேதி கொடுத்தாங்க. இவரை யாருக்கும் தெரியாதுங்கறதால இவருக்கு மட்டும் வாரண்டு போட்டாங்க. இதையும் குறிப்புல எழுதிக்கறேன்."

சொன்னபடியே உட்கார்ந்து எழுதினாள்.

ஜட்ஜ் அவளையும் கேலனையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை நீங்களே சொல்லியிருக்கலாமே, மிஸ்டர் வெஸ்கோட்?"

"அது என் நாள் இல்லம்மா," என்றான் கேலன். "அவங்களோடது."

பிடிவாரண்டு ரத்தானது. பழைய வழக்கையும் வேண்டாமென்று விட்டுவிட அரசு வக்கீலுக்கு மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

இடைவேளையில் ஆர்லிஸ் தாழ்வாரத்துக்கு வந்தாள். கேலன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் எதிரில் நின்றான். தலையை மட்டும் அசைத்தான். அவளும் அசைத்தாள்.

ட்வைலா நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, ஆர்லிஸ்."

"இந்த ஞாயிறு முடியாது அண்ணி." ஆர்லிஸ் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அந்த மேசையில இன்னொருத்தர் உக்காந்திருக்கறதைப் பாக்க எனக்குக் கொஞ்ச நாள் வேணும். ஆனா கூப்பிடறதை நிறுத்திடாதீங்க."

"மாட்டேன்."

"ஒவ்வொரு வாரமும் கூப்பிடுங்க. நான் திட்டினாலும் கூப்பிடுங்க." சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சட்டை ஓரத்தால் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. கேலன் தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"எந்தப் பக்கம் போகணும்? எனக்கு இதுக்கு மேல வழி தெரியாது."

"என் பின்னாலயே வா."

ட்வைலா முன்னால் போனாள். அவள் வீட்டுக்கு இரண்டே திருப்பங்கள்தான். இரண்டிலும், தேவைக்கு வெகு முன்பாகவே வேகத்தைக் குறைத்து, அவன் வண்டி கண்ணாடியில் தெரியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் திரும்பினாள்.