முதலில் கோத்த பாசி

கருப்பண்ணன் கொக்கி ஊசியால் நூலை இழுத்து, ஒரு பாசிமணியைத் தள்ளிக் கண்ணியை முடித்தான். பக்கத்துப் பாயில், விடியலில் மூச்சு நின்ற அவன் மனைவி பொன்னாயி மஞ்சள் பூசிக் கிடந்தாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் பாடை எடுக்க மாட்டார்கள். அதை அவள் அண்ணன் திருப்புலி நாட்டிலிருந்து காட்டு வழியில் நடந்து கொண்டுவர வேண்டும். அதற்குள் பாசிமாலையை முடித்து அவள் கழுத்தில் கட்டிவிட வேண்டும். மூன்று நாள் முன்பு, விரல் மரத்துப்போய், ஊசியை அவன் கையில் வைத்தவள் அவள்தான்.

"எழவூட்டுல பொம்பள வேலைங்களா மாமா?" என்றாள் அவள் தங்கை குப்பாயி.

"உங்கக்கா வச்ச வேல கண்ணு."

"செத்தும் உங்கள சும்மா உக்கார உடல பாருங்க." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடிவாரத்து ஆசுபத்திரியில் படுத்திருந்தபோது பொன்னாயி நர்சம்மாவிடம் கற்ற வேலை அது. எல்லாப் பாசியையும் முதலிலேயே நூலில் கோத்துவிட வேண்டும். பின்னும்போது கடைசியாகக் கோத்தது முதலில் வரும். மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு என்பது வரிசை. காலையில் அவன் விரலுக்கு வந்தவை, கண் மங்கிய பின் அவள் கோத்தவை. இரண்டு சிவப்பு ஒட்டி வந்தன. ஓரிடத்தில் ஐந்து வெள்ளை. தப்பான பாசியைக் கல்லால் தட்டி உடைத்துவிடலாம் என்று அவளே சொல்லியிருந்தாள். அவன் உடைக்கவில்லை.

உச்சிப்பொழுதில் மேகம் இறங்கி வாசலுக்குள் நுழைந்தது. வரிசை நேரானது. இது நோய் முற்றும் முன் அவள் சாமை அறுத்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து கோத்தது. பாசிமாலை நீள நீள அவள் இருமல் குறைந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம் பின்னினால் குடத்தோடு மேடேறி வந்துவிடுவாள் போலிருந்தது.

மேகத்துக்குள்ளிருந்து அவள் அண்ணன் அண்ணாமலைதான் வந்தார். கோடியைப் போர்த்தி, குலுங்கி அழுது ஓய்ந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"இன்னும் எத்தன பாசி மாப்ள?"

"ஆறுதானுங்க மச்சான்."

"போட்டுட்டு வா. நிக்கறோம்."

ஐந்து போட்டான். மிச்சமிருந்தது அவள் முதலில் கோத்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தான். கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பாசிகள் நூலில் வழுக்கித் திரும்பி ஓடின.

குப்பாயி ஏதோ சொல்ல வந்தாள். அண்ணாமலை கையசைத்து அவளை நிறுத்தினார். பிறகு தரையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை மெதுவாக அவிழ்த்தார்.