சர்வீஸ் போர்ட்டில் ஒரு காது

சோப்புக்கு உறை போடும் மெஷின் அந்த வாரம் நினைத்த நேரத்தில் நின்றது. கட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தரையில் கொட்டும். திரையில் ‘நிறுத்த உத்தரவு வந்தது’ என்று ஒரு வரி வரும். யார் கொடுத்த உத்தரவு என்று மட்டும் அந்த மகராசன் மெஷின் சொல்லித் தொலைக்காது. நிறுத்துகிற பொத்தான் இருப்பதோ, மெஷினை ஓட்டும் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில். பழி அவள் தலையில் விழுந்தது.

சூப்பர்வைசருக்கு ஆலையில் பைனாகுலர் என்று பெயர். கண்ணாடி அறையில் உட்கார்ந்தபடியே யார் தண்ணீர் குடிக்கப் போனார்கள், யார் போவதாகச் சொல்லிவிட்டுக் கதையளந்தார்கள் என்று சொல்லிவிடுவார்.

“வயசாகுதுக்கா. கை தெரியாம பட்டிருக்கும். இந்த வாரம் பார்ப்பேன், அப்புறம் உங்களைப் பெட்டி அடுக்குற பக்கம் போட்டுடுவேன்.”

மகன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவள் ஓட்டுகிற மெஷின் அது. பெட்டி அடுக்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. கை நிதானம் போனவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதுதான் அவளால் ஆகாது. வீட்டில், “நான் அதைத் தொடவே இல்ல” என்று சொன்னதற்கு, பெற்ற பிள்ளையே தட்டிலிருந்து தலை நிமிர்ந்து, “நெஜமாவே நீ அழுத்தலையாம்மா?” என்று கேட்டான். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

அந்தப் பெண்ணிடம் அவளுக்கு ஒரே குறைதான். வந்து ஆறு மாதம் ஆகிறது, சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினதில்லை. எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வாள். பதில் வருமென்று காத்திருந்தால் நமக்குத்தான் கழுத்து வலிக்கும்.

ஆலைகளில் மெஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பிகளைக் கவனிப்பது மருமகளின் உத்தியோகம். மெஷின் ஏன் நிற்கிறதென்று பார்க்க அவள் கம்பெனியைத்தான் ஆலை கூப்பிட்டது. அவர்களும் அவளையே அனுப்பினார்கள். பைனாகுலருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஓ, மாமியார் நல்லவங்கனு மருமகளே சர்டிபிகேட் குடுக்கப் போறீங்களா?”

“பார்த்துட்டு சொல்றேன் சார்.”

மருமகள் சுவரோரத்து இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு மாட்யூல். மெஷின்களுக்கும் கண்ணாடி அறைக் கம்ப்யூட்டருக்கும் நடக்கிற பேச்செல்லாம் அதன் வழியாகத்தான். கேபிள்களுக்கு நடுவே ரப்பர் மூடி போட்ட ஓட்டை ஒன்று காலியாக இருந்தது.

“இது என்னம்மா சும்மா கெடக்கு?”

“சர்வீஸ் போர்ட் அத்தை. ரிப்பேர் பார்க்க வர்றவங்களுக்கு. இதை மிரரிங்ல வெச்சுட்டா, உங்க மெஷினுக்குப் போறது வர்றது எல்லாத்தையும் எனக்கு ஒரு காப்பி குடுக்கும். ஆனா இது வழியா யாரும் எதுவும் சொல்ல முடியாது. காது உண்டு, வாய் கெடையாது.”

‘உன்னை மாதிரின்னு சொல்லு’ என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

ஒட்டுக்கேட்க வேண்டிய கம்பி எது என்று மருமகள் வரைபடத்தைப் பார்த்தாள். பார்த்ததோடு விடாமல், கம்பியைக் கையால் தடவிக்கொண்டே மெஷின் வரை நடந்து போய்த் திரும்பினாள். லேப்டாப்பில் போர்ட்டின் அமைப்பை மாற்றிவிட்டு, “இதை மாட்யூல்ல ஏத்தணும்னா லைன் நிக்கணும். ஸ்டாப்பை அழுத்துங்க அத்தை” என்றாள்.

பொத்தானைத் தொட அவளுக்கு விரல் கூசியது. அழுத்தினாள். கண்ணாடிக் கதவு திறக்கும் முன்பே மருமகள் அந்தப் பக்கம் திரும்பி, “நான்தான் நிறுத்தச் சொன்னேன் சார்” என்று குரல் கொடுத்தாள். அப்புறம், ஏற்றியது சரியாக ஏறியிருக்கிறதா என்று திரும்ப எடுத்து ஒப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் ரப்பர் மூடியைக் கழற்றிக் கேபிளைச் செருகினாள். உறைச் சுருளை மாட்டியபின் இழுத்துப் பார்க்காமல் அவளும் மெஷினை ஓட்டமாட்டாள். வேலை தெரிந்த கை என்று மனசு தானாகவே ஒத்துக்கொண்டது.

மதியத்துக்கு முன் மெஷின் தானாக நின்றது. மருமகள் லேப்டாப் திரையில் ஒரு வரியை உற்றுப் பார்த்தாள்.

“என்ன தெரிஞ்சுது?”

“இன்னொரு தடவை நிக்கட்டும் அத்தை.”

“நின்னா என்னைத் தூக்கிடுவாங்கடி.”

மருமகள் அந்த வரியைக் குறித்து வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. பைனாகுலர் வெளியே வந்தார்.

“இன்னிக்கே ரெண்டாவது தடவை. சர்டிபிகேட் ரெடியா?”

“ஒரு சின்ன உதவி சார். மெஷினை ஓட விட்டுட்டு அத்தை என் பக்கத்துல வந்து நிக்கட்டும். நீங்க உங்க ரூம்ல இந்த லைனோட ஸ்க்ரீனைத் திறந்து பார்ப்பீங்களே, அதை ஒரு தடவை திறங்க.”

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் பைனாகுலர் மௌஸைத் தொட்டார். மெஷின் நின்றது. பொத்தான் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அவர் நம்பாமல் மறுபடி ஓடவிடச் சொல்லி மறுபடி திறந்தார். மறுபடியும் நின்றது.

“போன வாரம் உங்க கம்ப்யூட்டரை மாத்தினப்போ பழைய ப்ரோக்ராமைப் போட்டிருக்காங்க சார்,” என்றாள் மருமகள். “அதைத் திறந்தாலே தன்கிட்ட இருக்கற எல்லாத்தையும் பூஜ்யமாக்கி மெஷினுக்கு அனுப்புது. மெஷினுக்குப் பூஜ்யம்னா நில்லுனு அர்த்தம். காலைலயும் நில்லுனு சொன்னது உங்க கம்ப்யூட்டர் அட்ரஸ்லேர்ந்துதான் வந்துச்சு. ஒரு தடவையை வெச்சு நான் சொன்னா, மாமியாருக்காகச் சொல்றேன்னு ஆயிடும்.”

ஆக, ஒழுங்காக ஓட்டுகிறாளா என்று அவர் சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தபோதெல்லாம் மெஷின் நின்றிருக்கிறது. பைனாகுலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெட்டி பக்கம் வேற ஆளைப் பார்த்துக்கறேன்க்கா” என்று அசடு வழிந்தார்.

மருமகள் அதோடு விடவில்லை. ப்ரோக்ராமைச் சரிசெய்யும் வரை கண்ணாடி அறையிலிருந்து எதுவும் மெஷினுக்குப் போகாதபடி மாட்யூலில் தடுத்தாள். சர்வீஸ் போர்ட்டையும் அணைத்துவிட்டு, ரப்பர் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தினாள். மாமியார் பெருமை தாங்காமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

“ஏம்மா, எல்லாரும் கேட்டாங்க, பெத்த புள்ளையே கேட்டான். அழுத்தினீங்களானு நீ மட்டும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

மருமகள் வழக்கம்போல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள்.

“தொடவே இல்லன்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்களே அத்தை.”

கொஞ்ச தூரம் போனதும் அவள் மருமகளின் தோளிலிருந்து லேப்டாப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.