நிற்காத இன்ஜின்

என் அக்கா அழுதால் நான் அவ்வளவாகக் கலங்க மாட்டேன்; அவள் சினிமாவில் கதாநாயகியின் நாய் தொலைந்துபோனாலே அழுகிறவள். ஆனால் அவள் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. உடனே திருப்புளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதென்றால் எனக்குப் பசி, தூக்கம் தெரியாது என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். மூக்கை நுழைக்க ஆள் இல்லாத குடும்பங்கள் என்ன கதியில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அக்கா அன்றைக்குப் போனில் சொன்ன குறை இதுதான்: "ஒரு காஜா உருப்படியா முடிக்க விடமாட்டேங்கிறார்டா. ஊசியில நூலக் கோக்கிறதுக்குள்ள 'நின்னுடுச்சு'ங்கிறார். தள்ளிவிட்டுட்டு வந்து உக்காந்தா, மறுபடியும் 'நின்னுடுச்சு'."

நின்றுபோனது அத்தானுடைய ரயில். உள்ளங்கையில் அடங்கும் இன்ஜின், விரல் அகலத் தண்டவாளம். பொம்மை ரயில் என்று சொல்லிவிடாதீர்கள். அத்தான் ஒன்றும் சொல்ல மாட்டார், எனக்குத்தான் கோபம் வரும், ஏனென்றால் என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறார். அவர் அறையில் மேஜை நீளத்துக்கு ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து கிளம்பும் தண்டவாளம் சுவரில் போட்ட ஒரு ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்குப் போய், அக்காவின் தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு பலகையில் வளைந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து சேர்ந்து, அதே சுவரின் இன்னொரு ஓட்டை வழியாகத் திரும்பி வரும். இந்தச் சுவரை உடைக்க அக்கா எப்படிச் சம்மதித்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

தடம் பிரிகிற அந்த இடத்தில்தான் இன்ஜின் நிற்கும். அத்தான் தன் அறையில் நாற்காலியில் இருப்பார். எழுந்து வருவதென்றால் கைத்தடி வேண்டும், கைத்தடியைத் தேட ஒரு ஆள் வேண்டும். அதனால் குரல் கொடுப்பார். அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'இந்தா', 'இங்க பாரு' என்பதுகூடக் கல்யாணமான புதிதில் இருந்ததாகக் கேள்வி. பிறகு அதுவும் தேய்ந்து, 'நின்னுடுச்சு' என்பதே அக்காவின் பெயராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போய் இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பார்த்ததுமே வியாதி தெரிந்தது. இந்த இன்ஜின்களுக்குத் தண்டவாளத்தில்தான் கரண்ட் வருகிறது; சக்கரம் வழியாகத்தான் அது மேலே ஏறி மோட்டாருக்குப் போக வேண்டும். அத்தானுடைய சக்கரங்களில் மேல்பூச்சு போய், உள்ளே இருந்த மட்டமான உலோகம் சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதில் அழுக்கு அப்பிக்கொண்டால் கரண்ட் ஏறாது. நேரான பாதையில் ஆறு சக்கரத்தில் ஏதோ இரண்டு கடமையைச் செய்துவிடும். தடம் பிரிகிற இடத்தில் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக். அங்கே அந்த இரண்டும் கைவிட்டால் இன்ஜின் அப்படியே உட்கார்ந்துவிடும். யாராவது விரலால் ஒரு தள்ளு தள்ளினால் மறுபடி ஓடும்.

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் அத்தான். துடைத்தால் காலையில் ஓடும், மத்தியானம் படுத்துவிடும். சக்கரத்தையே மாற்றினால்தான் உண்டு என்றேன். "எதுக்கு மாப்ளே, ஓடுற வரைக்கும் ஓடட்டுமே" என்று இழுத்தார். வேலை வாங்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நான் நினைப்பதை நானே நம்பிவிடுகிற ஆள்.

பல் கட்டுவது என் தொழில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் அதற்குப் பல் செய்து கொடுப்பேன். அதனால் இந்தச் சின்ன வேலையெல்லாம் எனக்குக் கை வந்தது என்று ஒரு திமிர் உண்டு. நல்ல உலோகத்தில் செய்த சக்கரங்களை வரவழைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் இருந்த மூன்று இன்ஜின்களையும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடத்தினேன். பழைய சக்கரத்தை அச்சிலிருந்து நெம்பக்கூடாது. நெம்பினால் அச்சு வளையும். அதற்கென்று ஒரு சின்ன இழுப்பான் இருக்கிறது, திருகத் திருகச் சக்கரம் தானாகக் கழன்று வரும். புதியதை நேராக அழுத்த வேண்டும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழை மாறக்கூடாது. ஒவ்வொரு அச்சிலும் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் உள்ளே பிளாஸ்டிக் வளையம் இருக்கும், இரண்டு தண்டவாளத்துக் கரண்டும் கலந்துவிடாமல் இருப்பதற்கு. எல்லா அச்சிலும் அது ஒரே பக்கம் வர வேண்டும்.

நான் முதல் இன்ஜினில் ஒரு அச்சை மாற்றிப் போட்டுவிட்டேன். தண்டவாளத்தில் வைத்ததும், கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் 'டிக்' என்று அணைந்தது. அத்தான் நாற்காலியில் இருந்தபடியே, நடு அச்சு திரும்பியிருக்கிறது என்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் மானம் போய்விடும். பேசாமல் கழற்றித் திருப்பிப் போட்டேன்.

சாயங்காலம் இன்ஜின் ஓடியது பாருங்கள், பார்க்கக் கண் கோடி வேண்டும். எறும்பு ஊர்கிற வேகத்தில் விட்டேன். தடம் பிரிகிற இடத்தில் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா மிஷினுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். விரல் ஒன்றை நீட்டியபடியே இருந்தாள், பழக்கதோஷம். இன்ஜின் அந்த விரலைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போயிற்று. "இனிமே ராணி மாதிரி உக்காந்து தையி" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பழைய சக்கரங்களைப் பட்டறைக் குப்பையோடு பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தபோது அக்கா தையல் மிஷினை முன் அறை ஜன்னலோரம் மாற்றியிருந்தாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். "நடக்குது. சத்தமே இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஒரு டீயும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிறகுதான் அத்தான் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்வது என்பது மழையில்லாத வானத்தில் இடி இடிக்கிற மாதிரி. இன்ஜினில் ஒரு கோளாறு, வந்து பார் என்றார். கட்டிக்கொண்டிருந்த பல்லைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன்.

போனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டையில் நுழைந்து அந்த ஓட்டையில் வருகிறது. காது கொடுத்துக் கேட்டேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன், குனிந்து பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். முன் அறையில் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு எங்கே என்று கேட்டேன். அத்தான் மென்று முழுங்கினார். கடைசியில், பழைய சக்கரம் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்தக் குப்பை எதற்கு, நல்ல உலோகம் என்றால் என்ன, கெட்ட உலோகம் என்றால் என்ன, மூன்று இன்ஜினுக்கும் சேர்த்து நான் எத்தனை தடவை கையைக் குத்திக்கொண்டேன் என்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்தேன். அவர் கன்ட்ரோலர் குமிழைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நிக்க மாட்டேங்குது, மாப்ளே" என்றார்.

"நிக்கக்கூடாதுன்னுதான மாத்தினது?"

"நின்னாத்தான் அவ வருவா."

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைப் பார்க்காமல், ரயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தள்ளிவிட்டுவிட்டு அவள் நேராகப் போய் உட்கார்ந்துவிட மாட்டாளாம். இந்த வாசலில் வந்து நின்று, ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாளாம். தண்ணீர் மோட்டார் ஒரு தினுசாகச் சத்தம் போடுகிறது என்று. மகள் போன் பண்ணினாள் என்று. தன் உடம்பு பெருத்ததை ஒத்துக்கொள்ளாமல் ரவிக்கை சின்னதாகிவிட்டது என்று சண்டைக்கு வந்த அம்மாளைப் பற்றி. இவர் 'ம்' என்பாராம். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. ஆனால் ஒரு நாளைக்கு அது பல தடவை நடந்துகொண்டிருந்தது. இப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதோடு சரி.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் எரிச்சலும் வந்தது. முப்பது அடி தூரத்தில் சொந்தப் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள். "கூப்பிட்டா வந்துட்டுப் போறா. கூப்பிட வேண்டியதுதான, அத்தான்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெரிய கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் நிஜமாகவே விவரம் கேட்டன.

"என்னன்னு கூப்பிடுறது?"

நானும் யோசித்துப் பார்த்தேன்.

இன்ஜின் அப்போது சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது. நான் கையை நீட்டி, அத்தானின் விரலை விலக்கிவிட்டு, குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினேன். பக்கத்து அறையில் ரயில் சத்தம் அடங்கியது.

"ம், கூப்பிடுங்க" என்றேன்.

அவர் திருட்டுக்கு அழைக்கப்பட்டவர் மாதிரி விழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நின்னுடுச்சு" என்றார். அது என் காதுக்கே சரியாக எட்டவில்லை. நான் முறைத்தேன். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்.

முன் அறையில் மிஷின் உடனே நின்றது. மடியிலிருந்த துணியை வைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், அரைகுறையாகத் தைத்த ஒரு சட்டைக் கையை ஏந்தியபடி அக்கா வந்தாள். பலகை இருக்கும் அறைக்குப் போவாள் என்று பார்த்தால் நேராக இங்கே வாசலுக்கு வந்தாள். அத்தானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குமிழைப் பார்த்தாள். அதன் வெள்ளைக் கோடு பூஜ்ஜியத்தில் நின்றது. இத்தனை வருஷம் அந்த ரயிலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமலா இருக்கும்? மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"புதுச் சக்கரம் போட்டுமா நிக்குது?" என்று என்னைக் கேட்டாள்.

இருபது வருஷமாகத் தொழில் செய்கிறேன். என் வேலையை நானே குறை சொன்னது கிடையாது. "சில நேரம் அப்படித்தான் ஆகும்" என்றேன்.

"அப்பவே தெரியும், உன் வேலைய நம்பக்கூடாதுன்னு" என்றபடி அக்கா உள்ளே வந்தாள். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து, அத்தானுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்த ரவிக்கை அம்மாள் மறுபடி வந்ததாகவும், இந்த முறை தையல்கூலியில் சண்டை போட்டதாகவும், போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டதாகவும் ஆரம்பித்தாள். ஒரு மாதத்துப் பாக்கி இருந்தது. மோட்டார், மகள், எதிர் வீட்டுக்காரர் பூட்டிக்கொண்டு போன கதை என்று ஒவ்வொன்றாக வந்தது. கையிலிருந்த துணிக்கு நடுநடுவே தையலும் போட்டுக்கொண்டாள். அத்தான் 'ம்' என்றார். குடை விஷயத்துக்கு மட்டும், "என்ன கலர்?" என்று கேட்டார்.

நான் இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போது, திறந்திருந்த அறைக் கதவு வழியாக அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுப்பது தெரிந்தது. முக்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. ரயில் சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் போகாத அறையில் நின்றுகொண்டிருந்தது.

"தள்ளிட்டேன், விடுங்க" என்றாள்.

அத்தான் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குமிழைத் திருப்பினார்.