மாணிக்கம் கையை விட்ட மத்தியானம்

சிங்கப்பூரின் தோ பாயோவில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் கமலத்தின் இடது மணிக்கட்டை அவள் கணவர் மாணிக்கம் விட்டால், அவள் உடம்பில் கறிவேப்பிலை முளைக்கும். கொரோனா அடங்கிய வருடத்தில் இது தொடங்கியது. முதலில் தோளில் இரண்டு கொழுந்து. தேநீர் ஆறுவதற்குள் முழங்கை வரை தழை. மாணிக்கம் பதறிப்போய் மணிக்கட்டைப் பிடித்தார், அதோடு நின்றது. உதிர்ந்ததை எதிர்வீட்டுச் சம்சுன்னிசா மீன் குழம்புக்கு வாங்கிப் போய், தேக்கா சந்தையில் கிடைப்பதைவிட வாசம் தூக்கல் என்றார். மருத்துவமனையில் கயிறு, பட்டை, தாதியின் கை என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். மாணிக்கத்தின் கைக்கு மட்டுமே அது கட்டுப்பட்டது.

ஒரு கையால் பேருந்து ஓட்ட முடியாது என்பதால் அவர் ஓட்டுநர் வேலையை விட்டார். சேர்ந்தே கோயிலுக்குப் போனார்கள், சேர்ந்தே துணி காயப்போட்டார்கள், குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். இந்த வயதிலும் இவ்வளவு அன்னியோன்னியமா என்று பார்த்தவர்கள் கண் வைத்தார்கள். அன்னியோன்னியமெல்லாம் முதல் தீபாவளியோடு தீர்ந்துவிட்டது, மிஞ்சியது அலுப்புதான். தூக்கத்திலும் அவர் விரல்கள் தூங்கவில்லை. போகப் போகக் கட்டைவிரல் வீங்கி மடங்க மறுத்தது. இனியும் ஓய்வு கொடுக்காவிட்டால் இந்தக் கை எதையுமே பிடிக்காது என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார்.

கமலத்தின் அண்ணன் மகள் வைதேகி ஓர் ஆய்வுக்கூடத்தில் செல்களைப் பற்றி ஆராய்பவள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மாமா, நம்ம செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் இருக்கு. உள்ளே போய் ஜீனுக்கு ஸ்விட்ச் போடறதுதான் அதோட வேலை. இன்னொரு புரோட்டீன் அதை உள்ளே விடாம வெளியிலேயே பிடிச்சு வெச்சுக்கும். நீங்க செய்யறது அந்த வேலைதான்."

"பிடிக்கிறது ஒரு நாள் போயிடுச்சுன்னா?" என்று கேட்டார் மாணிக்கம்.

"மத்தது உள்ளே ஓடிப்போய் ஸ்விட்ச் எல்லாத்தையும் போட்டுடும். ஆனா அதுல ஒரு ஸ்விட்ச், பிடிக்கிற புரோட்டீனையே புதுசா செய்யறதுக்கு. நீங்க அது வரைக்கும் விட்டுப் பார்த்ததே இல்லலா."

உண்மைதான். முழங்கையைத் தாண்ட அவர் ஒருபோதும் விட்டதில்லை. தாண்டி, இவள் மரமாகவே நின்றுவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற பயம் அவருக்கு.

"விடுங்க," என்றாள் கமலம். "எனக்கும் அலுத்துப்போச்சு."

விட்டார். இலை முழங்கையைத் தாண்டியது, கழுத்தைச் சுற்றியது, கன்னத்தில் ஏறியது. நாற்காலி மறைந்தது, சன்னல் கம்பிகளுக்குள் கிளை புகுந்தது, மின்விசிறி சிக்கி நின்றது. மாணிக்கம் இரண்டு முறை கையை நீட்டினார். இலைகளுக்கு நடுவே தெரிந்த கண்கள் வேண்டாம் என்றன. வைதேகிக்கே முகம் வெளுத்துவிட்டது. அவர் தரையில் உட்கார்ந்து விசும்பினார்.

அப்போதுதான் முழங்கையருகே இலையில்லாத தடித்த தளிர் ஒன்று கிளம்பியது. நுனி ஐந்தாகப் பிரிந்தது. ஆள்காட்டி விரலில், மாணிக்கத்தின் விரலைப் பேருந்துக் கதவு நசுக்கியதில் விழுந்த அதே தழும்பு. அந்தக் கை கீழே வளைந்து மணிக்கட்டைப் பிடித்தது, இலைகள் கொட்டத் தொடங்கின. மாணிக்கம் அவற்றின் மேலேயே படுத்து மறுநாள் மத்தியானம் வரை தூங்கினார். நகர மன்றத்து ஆட்கள் வந்து மூட்டை மூட்டையாக வாரிப் போனார்கள். புதுக் கைக்கு ஏற்றபடி கமலம் ரவிக்கையைத் தைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தேக்காவுக்குப் போனபோது மாணிக்கத்துக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப்பையில் விட்டார், பின்னால் கட்டினார்.

"என்னைக் கறிவேப்பிலையாத் தூக்கிப் போட்டுட்டே," என்றார்.

கமலம் வலது கையிலிருந்த காய்கறிப் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையை அவரிடம் நீட்டினாள். அந்தக் கையில் எப்போதும் எதுவும் முளைத்ததில்லை. அவர் அதை, வீங்கிய விரல் வலிக்காத அளவுக்கு, லேசாகப் பிடித்துக்கொண்டார்.