சிப்பி மெலிந்த கணக்கு

சிப்பிச் சதையைச் சுட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை நிறுத்துப் பார்க்கிற வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று றஹ்மா சொன்னபோது கிண்ணியாவில் ஒருவரும் நம்பவில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கடலுக்குப் போகக் கடற்படை விடாது. சந்தையில் ஒரு மீன்வாலைக் கண்டாலே சனம் கூடிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் தின்னக்கூடியதை எரித்து நிறுப்பவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்கவேண்டும் என்றார்கள்.

பைத்தியக்காரன் அல்ல, ஆராய்ச்சி உத்தியோகத்தர். ஞானசேகரம் என்று பெயர். திருகோணமலையிலிருந்து படகுத்துறை கடந்து வந்து, கரையோரத்து அறையொன்றில் தங்கியிருந்தார். குடாவின் கரைத்தண்ணீரில் தடி நட்டு, கயிறு கட்டிச் சிப்பி வளர்க்க எத்தனை குடும்பத்துக்கு இடம் கொடுக்கலாம் என்று கணக்கெடுப்பதுதான் வேலை. சிப்பி தண்ணீரில் மிதக்கிற பாசியைத் தின்றுதான் வளருகிறது. அளவுக்கு மிஞ்சித் தொங்கவிட்டால் எல்லாமே மெலிந்துபோகும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று முதல் நாளே சொன்னார். சதை கொழுத்திருந்தால் தண்ணீரில் தீனி உண்டு, மெலிந்திருந்தால் இல்லை. கிழமைக்கு இருபத்தைந்து சிப்பி. றஹ்மா உடைத்துச் சதையைத் தட்டில் போடுவாள். அவர் காயவைத்து நிறுத்து, எரித்து, சாம்பலையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவார்.

இடம் கேட்டு அறுபது குடும்பம் பெயர் கொடுத்திருந்தது. றஹ்மாவின் பெயர் முப்பத்தோராவது. விறகுக்குப் போன புருசன் அபூதாஹிர் திரும்பி வராத நாளிலிருந்து அவளுக்கு வேறு கனவு இல்லை: தன் பெயரில் நாலு தடி, நாற்பது கயிறு. ஆனால் கனவைப் போல வயிறு பொறுத்திருக்காது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவளிடம் பறப்பதற்கு மிச்சமிருந்ததே ஒன்றிரண்டுதான், அதுவும் போயிற்று. சிப்பியோடுகள் இருபத்தைந்தையும் எண்ணிக் காட்டுவாள். அவர் சதையை எண்ணமாட்டார், எடையை அந்த இருபத்தைந்தால் பிரித்துத்தான் எழுதுவார். ஆறு சதை சேலைத் தலைப்பில் வீட்டுக்குப் போகும். முருங்கையிலையோடு ஆக்கினால் இரண்டு பெண்பிள்ளைகளும் சட்டியை வழித்துத் தின்பார்கள். ஆறு சதையில் ஒரு குடாவே மெலியும் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

எட்டு மாதத்தில் பட்டியல் ஒட்டினார்கள். இருபத்துமூன்று பெயர். சிப்பிகள் மெலிந்திருப்பதால் தண்ணீர் இதற்குமேல் தாங்காது என்று கீழே எழுதியிருந்தது. அவளுடைய மச்சி அசனா பதினேழாவது. சந்தோசத்தில் றஹ்மாவைக் கட்டிப்பிடித்தாள். பட்டியலில் றஹ்மாவின் பெயர் இல்லை. வேலை போனாலும் போகட்டும், மானம் போனாலும் போகட்டும், முப்பத்தேழு வீட்டு வயிற்றெரிச்சலை யார் சுமப்பது? நேரே ஞானசேகரத்திடம் போனாள்.

“சேர், சிப்பி மெலியல்ல. ஒவ்வொரு கிழமையும் ஆறு சதையை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோன நான். கணக்கைத் திருப்பிப் போடுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசப்போகிறார் என்று அவள் நின்றாள்.

“காய்ஞ்ச சதையில நானும் எடுத்தனான்,” என்றார்.

துறை மூடிய நாட்களில் அந்த அறைக்குள்ளேயே கிடந்தாராம். பாண் இல்லை, கடை இல்லை. சதை காய்கிற மணத்துக்கு முன்னால் படித்த படிப்பு நிற்கவில்லையாம். தான் தின்றதைக் கணக்கில் கூட்டிக்கொண்டுதான் எழுதினாராம். எவ்வளவு கூட்டியும் சிப்பி மெலிவாகவே இருந்ததாம்.

“அப்ப திருத்துங்க சேர்.”

“திருத்தினா ஏனெண்டு எழுதவேணும். எழுதினா முழு அறிக்கையையும் கிழிப்பினம். இருவத்திமூண்டும் போயிடும், றஹ்மா.”

அசனாவின் முகம் அவளுக்கு முன்னால் வந்தது. திருத்தச் சொல்லி மறுபடி கேட்க வாய் வரவில்லை.

“முப்பத்தேழு வீட்டை நாம ரெண்டு பேரும் திண்டிருக்கிறம்,” என்றாள்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அறிக்கை போன பிறகும் அளவெடுப்பை நிறுத்தச் சொல்லி மேலிடத்தில் எவரும் எழுதியிருக்கவில்லை. அதனால் அன்று காலையிலும் அவள் வழக்கம்போல் உடைத்து வைத்த சதை தட்டில் கிடந்தது. அதில் இன்னும் ஒருவரும் கைவைக்கவில்லை, இருபத்தைந்தும் இருந்தன. அவர் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெளியே அசனாவின் ஆட்கள் தடி அறைகிற சத்தம் கேட்டது. றஹ்மா சேலைத் தலைப்பை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் பெருவிரல் தடிப்புக்குக் கொழுத்திருந்தது.