இரண்டு கே-யும் சிவகாமசுந்தரியின் இதயமும்

காஜா பெராங்கில் வாழ்ந்த சிவகாமசுந்தரியின் இதயம், மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. அன்று மழை இல்லை; பசாரில் இறால் மலிவு. அதே பத்து மணிக்குத்தான் டாக்டர் மாணிக்கவாசகத்தின் கிளினிக்கில் எக்ஸ்ரேக்காரர் சேதுராமன் அவளுடைய மார்புப் படத்தை விளக்குப் பெட்டியில் பக்கம் மாற்றி மாட்டினார்.

மாட்டுவதில் சேதுராமன் சூரர். நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோல, அவருடைய இடது நம் வலக்கைப் பக்கம் வரும்படி, பதினோரு வருஷமாகப் பிசகாமல் மாட்டியவர். வினை டாக்டரிடமிருந்து வந்தது. சுதந்திர நாட்டில் இன்னும் இங்கிலீஷா என்று, படத்தில் இடது வலது காட்டும் ஈய எழுத்துகளைத் தூக்கிப்போட்டு, மலாய்ச் சொற்களின் முதல் எழுத்தை வைக்கச் சொன்னார். இடதுக்கு கிரி, வலதுக்கு கானான், இரண்டுக்கும் கே. தேசப்பற்று பொங்கிய அந்த நாட்களில் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கிரிக்கென்று தாமே வைத்த கே-யை மறுநாள் கானான் என்று படித்தார் சேதுராமன். படத்தில் இதயம் எதிர்ப்பக்கம் நிற்பது தெரிந்தும், எழுத்து பொய் சொல்லுமா என்று விட்டுவிட்டார். எழுத்தென்றால் கும்பிடுகிற அப்பாவி மனிதர், என்ன செய்வது.

இதயம், சொன்ன பேச்சு கேட்கும் உறுப்பு. படம் காட்டிய இடத்துக்குப் போய்விட்டது. நுரையீரல் பிடிவாதக்காரன். இடது நுரையீரலில் இருந்த காசநோய்ப் புண் இம்மியும் நகரவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் ஊசி வழியே மார்புக்கூட்டுக்குள் காற்றேற்றி, நோயுள்ள நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். படம் வலது என்றது; இதயமும் வலப்பக்கமே துடித்து ஆமாம் போட்டது. நல்ல நுரையீரலை மூடிவிட்டால் அவள் எதைக்கொண்டு மூச்சு விடுவாள்? வீட்டில் கைக்குழந்தை வேறு.

ஊசி தயாரானபோது அவள் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டி சேதுராமனிடம் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, திங்கக்கெழம வரைக்கும் இந்தப் பக்கந்தான் துடிச்சுச்சு. நீங்க படத்த மாட்டுனதும் தாவிருச்சு."

சேதுராமன் விளக்குப் பெட்டியைப் பார்த்தார். வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தார். "டாக்டர், நிறுத்துங்க! படத்த மாத்தி மாட்டிட்டேன். தப்பு என்னோடது."

"இதயமே வலப்பக்கம் துடிக்குது, படம் எப்படிலா மாறும்?" என்றார் டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பை அங்கேயே அழுத்திக்கொண்டு.

சேதுராமன் படத்தை உருவித் திருப்பி மாட்டினார். வலப்பக்கம் ஓசை நின்றது. சற்று நேரம் எங்குமே ஓசை இல்லை. அந்தச் சற்று நேரத்தில் சேதுராமன் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்.

"வந்துருச்சு," என்றாள் சிவகாமசுந்தரி, இடப்பக்கம் கை வைத்து. டாக்டர் ஊசியோடு கட்டிலின் மறுபக்கம் போனார்.

அவள் பிழைத்தாள். சேதுராமன் மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டைத் தட்டி, இடதுக்கு இ, வலதுக்கு வ என்று தமிழ் எழுத்துகள் செய்துகொண்டார். மலாய், சீன நோயாளிகளின் இதயங்களும் அந்த இ-க்குக் கட்டுப்பட்டன. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆறு வருஷம் கழித்து, ஓயாமல் இருமிய மகளைப் படம் எடுக்க அழைத்துவந்த சிவகாமசுந்தரி, "பாத்து மாட்டுங்கண்ணே, சின்னப் புள்ள," என்று மட்டும் சொன்னாள். அவரும் பார்த்து மாட்டினார்.